சந்தியில் ஒரு நாடகம்

மேடையில்லை, திரையில்லை, மின்விளக்கில்லை. சந்தியிலோ தொழிற்சாலை வாசலிலோ ஐந்தாறு பேர் பாடத் தொடங்குவார்கள். சனம் வட்டமாகக் கூடியதும் நாடகம் ஆரம்பமாகும். வீதி நாடகம் என்பது இதுதான். நமது நாட்டில் 1974 முதல் காமினி ஹத்தொட்டுவேகம இக்கலையை வளர்த்தார். அயல்நாடான இந்தியாவில் இதற்காக உயிரையே கொடுத்தவர் சப்தர் ஹாஷ்மி.

டில்லியில் 1973 இல் தோன்றிய ‘ஜன நாட்ய மஞ்ச்’ என்ற அவரது குழு முதலில் மேடை நாடகங்களையே போட்டது. 1977 இல் அவசரகால நிலை நீங்கியபோது, நாடகத்துக்கு அழைக்கும் தொழிற்சங்கங்களின் கையில் பணமில்லை. பெரிய நாடகம் முடியாவிட்டால் சிறியதைப் போடுவோம் என்று துணிந்தனர். 1978 இல் ‘மெஷின்’ பிறந்தது. சுமார் 13 நிமிட நாடகம். சைக்கிள் நிறுத்த ஓரிடமும், கொண்டுவந்த சாப்பாட்டைச் சூடாக்க ஒரு சிற்றுண்டிச்சாலையும் கேட்ட தொழிலாளர்களில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவமே அதன் கரு. கேட்டது எவ்வளவு சிறிய விடயம் பாருங்கள்!

சகோதரிகள் அறிய வேண்டியது 1979 இல் வந்த ‘ஔரத்’ (பெண்) நாடகத்தை. ஈரானிய ஆசிரியை மர்ஸியே அஹ்மதி ஒஸ்கூயியின் கவிதையொன்றுடன் அது தொடங்கும். ஒரே பெண் மகளாக, மணப்பெண்ணாக, மாணவியாக, தொழிலாளியாக மாறி மாறி நிற்பாள். சீதனமும் மறுக்கப்பட்ட படிப்பும் கூலிக் குறைவும் வீட்டுக்குள் முணுமுணுக்கும் கதைகள். அவை நடுத்தெருவில் உரத்துப் பேசப்பட்டன. வீதி நாடகத்தில் கலையை விடக் கோஷமே அதிகம் என்று குறை சொல்வோர் உண்டு. சில நாடகங்களுக்கு அது பொருந்தும்தான். ஆனால் மண்டபத்துக்கு ஒருநாளும் போயிராத பெண், தண்ணீர்க் குடத்துடன் நின்று பார்ப்பதற்கு வேறு நாடகம் ஏது?

1989 ஜனவரி 1ஆம் திகதி, டில்லிக்கு அருகே சாஹிபாபாதின் ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நாடகம் நடந்துகொண்டிருந்தது. நகரசபைத் தேர்தல் காலம். அரசியல் எதிராளிகள் ஆயுதங்களுடன் பாய்ந்தனர். ராம் பஹதூர் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். மற்றவர்கள் தப்பிச் செல்வதற்காகக் கதவைத் தடுத்து நின்ற சப்தர் தலையில் அடிபட்டு, மறுநாள் மரணமானார். வயது 34.

ஜனவரி 4ஆம் திகதி குழு அதே இடத்துக்குத் திரும்பியது. பாதியில் நின்ற நாடகத்தை முழுமையாக நடித்தது. நடித்தவர்களுள் சப்தரின் மனைவி மலயஸ்ரீயும் ஒருவர். கணவரை இழந்து இரண்டே நாட்கள்! தாயார் கமர் ஆசாத் ஹாஷ்மி பின்னர் மகனின் கதையை நூலாக எழுதினார்.

குற்றவாளிகள் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழு கலையவில்லை, ஆண்டு பிறக்கும் நாளில் ஜண்டாபூரில் கூடி நாடகம் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டது.