நொதிதொட்டியின் தூய்மை

போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணியைச் சூழ்ந்துள்ள மலைச்சரிவுகளில் ஏலமும் மிளகும் காப்பியும் விளைகின்றன. இவற்றுள் காப்பிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நாம் பருகும் காப்பியின் சுவை செடியில் மட்டும் உருவாவதன்று. அதில் ஒரு பகுதி, பழம் பறித்த பின்னர், ஒரு தொட்டிக்குள் உருவாகிறது. அந்தத் தொட்டி தூய்மையாக இருந்ததா என்பதே ஓராண்டு உழைப்பின் பயனை உறுதி செய்யவும் கூடும், கெடுக்கவும் கூடும்.

காப்பிப் பழத்தைப் பதப்படுத்த இரு வழிகள் உள்ளன. பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்துவது ஒன்று. மேல்தோலை உரித்து, கொட்டையை நீரில் கழுவி உலர்த்துவது மற்றொன்று. இரண்டாம் முறையில், பறித்த அன்றே பழத்தைப் பல்பர் என்னும் பொறியில் இட்டுத் தோலை நீக்குவர். அப்பொழுதும் கொட்டையைச் சுற்றி வழவழப்பான பசை ஒன்று ஒட்டியிருக்கும். பெக்டினும் சர்க்கரையும் நிறைந்த அப்பசை, வெறும் நீரால் எளிதில் நீங்காது. ஆகவே கொட்டைகளைத் தொட்டியில் குவித்து வைப்பர். இயற்கையாகவே அவற்றின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் அப்பசையைச் சிதைக்கும். இதுவே நொதித்தல். அராபிக்கா வகைக்கு இது பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் முடிந்துவிடும். குளிர் மிகுந்தால் காலமும் நீளும். கையில் எடுத்துத் தேய்த்தால் வழுக்காமல், கூழாங்கல்போல் நறநறவென்றிருக்குமாயின், கழுவும் வேளை வந்துவிட்டது என்று அறியலாம்.

இனி, தூய்மைக்கு வருவோம். பல்பரின் இடுக்கிலோ தொட்டியின் மூலையிலோ நேற்றைய கொட்டைகள் சில தங்கிவிட்டன என்று கொள்வோம். அவை அளவுக்கு மீறி நொதித்து அழுகும். மறுநாள் புதிய கொட்டைகளோடு அவையும் கலந்துவிடும். வறுத்துப் பொடித்தபின் அவ்வாறு கெட்ட கொட்டை ஒன்றே ஒரு கோப்பைக் காப்பியை நாற்றமடையச் செய்யப் போதுமானது. ஆதலால்தான் அன்றன்று வேலை முடிந்தவுடனேயே பொறியையும் தொட்டியையும் கழுவ வேண்டும் என்பது தோட்டத்து விதியாக உள்ளது.

இவ்வுண்மையின் காரணத்தை உலகுக்குக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1856ஆம் ஆண்டில், லீல் நகரில், பீட்ருட் கிழங்கிலிருந்து சாராயம் வடிப்பவர் ஒருவர், தம் தொட்டிகளுள் சில புளித்துக் கெடுவதாக அவரிடம் முறையிட்டார். பாஸ்டர் உருப்பெருக்கியில் நோக்கினார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்கள் இருந்தன. கெட்ட தொட்டியிலோ கோல் வடிவான வேறு உயிர்கள் இருந்தன. பின்னர் 1883இல், கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் என்பவர் தூய ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்தார். வேண்டாத ஈஸ்டு புகுவதாலும் பீர் கெடும் என்பது அவரால் தெளிவாயிற்று. விரும்பும் உயிர் வாழ வேண்டுமாயின், விரும்பாத உயிருக்கு இடம் தரலாகாது என்பதே இவற்றின் சாரம்.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். அழுக்கை நீக்குவது ஒன்று. கிருமியை ஒடுக்குவது மற்றொன்று. முன்னது முடிந்த பின்னரே பின்னதைச் செய்ய வேண்டும். பாத்திரத்தில் பசையும் மாவும் ஒட்டியிருக்கும்பொழுது பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினால், அதன் ஆற்றல் அவ்வழுக்கோடு வினைபுரிவதிலேயே செலவாகிவிடும். அழுக்கின் அடியில் உள்ள கிருமிகள் தப்பிவிடும். கீறல் விழுந்த பாத்திரமும் அத்தகையதே. கீறலே அவற்றுக்குக் கோட்டையாகிறது. பிளீச்சிங் பவுடரோடு வினிகர் போன்ற அமிலத்தைக் கலத்தல் எக்காலத்தும் கூடாது. நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

எவ்வளவு தூய்மை வேண்டும் என்பது செய்யும் பொருளைப் பொறுத்தது. காப்பித் தொட்டிக்கும் தோசைமாவுப் பாத்திரத்திற்கும் பழைய எச்சம் நீங்கி, நன்றாகக் கழுவி உலர்ந்திருந்தால் போதும். அங்கே தொழிலாற்றுபவை பொருளோடு வரும் நுண்ணுயிர்களே. தயிருக்கோ, காய்ச்சிய பாலில் நாமே உறை ஊற்றுகிறோம். ஆதலின் கலத்தைக் கொதிநீரால் அலசுவது நலம். பீர் வடிப்போர் மால்ட் சாற்றைக் கொதிக்க வைத்த பின்னர், அதைத் தொடும் குழாய், கலம், கரண்டி யாவற்றையும் கிருமி நீக்கியே பயன்படுத்துவர். கொதித்தாறிய இனிய சாறு எந்த நுண்ணுயிருக்கும் விருந்தன்றோ!

நம் முன்னோர் உருப்பெருக்கியைக் கண்டவரல்லர். எனினும் இந்நெறியை அறிந்திருந்தனர். பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இனிய பதநீர் கிடைக்கும்; தடவாவிடில் அதே சாறு கள்ளாக மாறும். சுண்ணாம்பின் மிகுந்த காரத்தன்மையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருக இயலாமையே இதற்குக் காரணம்.

இறுதியாக ஒன்று. தொட்டியைக் கழுவிய நீர் எங்கே செல்கிறது? அதில் சர்க்கரையும் பசையும் நிறைந்துள்ளன. ஓடையில் அதை அப்படியே விட்டால், நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு பெருகி, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் மடியும். குரங்கணி மலைகளின் நீரைத் தாங்கிவரும் கொட்டகுடி ஆறு போடிநாயக்கனூரைக் கடந்தல்லவா செல்கிறது? ஆதலால் கழுவுநீரைக் குழிகளில் தேக்கி, அதன் புளிப்பைச் சுண்ணாம்பினால் மாற்றி, மேலும் தெளியவைத்த பின்னரே வெளிவிடுதல் முறை. தன் தொட்டியைத் தூய்மையாக்க ஊரார் நீரை அழுக்காக்குவது தூய்மை ஆகாது. அழுக்கை இடம் மாற்றுவதன்று, அதனைத் தீர்ப்பதே தூய்மை.