பாட்டி விரதம் இருந்த கதை

சென்ற ஆண்டு தேர்வு வாரத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து பாட்டி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கிளினிக்கிலிருந்து வந்த மலாய்க் கடிதம். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். மலாய் பேசுவார், படிக்கத் திணறுவார். நான் கோலாலம்பூரில் விடுதி அறையில் பாடக்குறிப்புகளுக்கு நடுவே இருந்தேன். படத்தை ஓர் ஏஐ செயலியில் போட்டேன். சில விநாடிகளில் அழகான தமிழில் பதில் வந்தது. அப்படியே பாட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

கடிதத்தில் 'புவாசா' என்று இருந்தது. செயலி அதை 'எட்டு மணி நேரம் விரதம் இருக்கவும்' என்று மொழிபெயர்த்திருந்தது. பாட்டிக்கு விரதம் புதிதா என்ன? வெள்ளிக்கிழமைதோறும் இருப்பவர். விரதத்தில் பாலும் பழமும் சாப்பிடலாம். அன்று காலையும் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். தாதி விசாரித்ததும் உண்மையைச் சொன்னார். பரிசோதனை இரண்டு வாரம் தள்ளிப்போனது.

செயலி சொன்னது தவறு என்று சொல்லிவிட முடியாது. அகராதியில் பார்த்தாலும் அந்தச் சொல்தான் வரும். ஆனால் 'வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும்' என்று ஒரு மனிதர் சொல்லியிருப்பார். எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஒரு நிமிடம் படித்திருந்தால் போதும். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் 1955இல் ஜான் மெக்கார்த்தியும் நண்பர்களும் எழுதிய ஆய்வுத் திட்டத்திலேயே வந்துவிட்டது. நாமும் அதை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறோம். குப்பை மின்னஞ்சலைத் தனியே ஒதுக்குவதும், யூடியூப் அடுத்த காணொளியைக் காட்டுவதும், கைப்பேசி நம் முகத்தை அடையாளம் கண்டு திறப்பதும் அதன் வேலைதான். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபிறகு அது நம்மோடு பேசவும் தொடங்கியது.

இந்தப் பேச்சு எப்படி வருகிறது? கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பயிற்சி பெற்ற அந்த மாதிரி, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தைக் கட்டுகிறது. தெரிந்ததையும் தெரியாததையும் அது ஒரே தொனியில்தான் சொல்லும். ஒருமுறை என் கட்டுரைக்கு மேற்கோள் நூல்கள் கேட்டேன். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் கச்சிதமாகத் தந்தது. நூலகத்தில் தேடினால் அவற்றில் இரண்டு நூல்கள் உலகத்திலேயே இல்லை!

தமிழில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து மிகக் குறைவு, பயிற்சியும் அதற்கேற்பத்தான். சிங்கப்பூரில் உருவான 'சீ-லயன்' போன்ற மாதிரிகள் தமிழையும் சேர்த்துக்கொண்டிருப்பது ஆறுதல்.

அதற்காக நான் ஏஐயை விட்டுவிடவில்லை. விரிவுரைக் குறிப்புகளைக் கொடுத்து, "இதிலிருந்து பத்துக் கேள்வி கேள், பதிலை நான் சொல்கிறேன்" என்பேன். நேர்முகத் தேர்வுக்கு முன் அதையே முதலாளியாக்கிப் பயிற்சி எடுப்பேன். புரியாத புள்ளியியல் சூத்திரத்தை நாசி லெமாக் கடைக் கணக்காக விளக்கச் சொல்வேன். இதிலெல்லாம் அது தவறினாலும் பாடப்புத்தகத்தைப் புரட்டி நானே கண்டுபிடித்துவிடலாம். என்னால் சரிபார்க்க முடியாததை இப்போது யாருக்கும் அனுப்புவதில்லை.

போன மாதம் பாட்டிக்கு இன்னொரு கடிதம் வந்தது. செயலியில் போட்டேன், மூலக் கடிதத்தையும் வரி வரியாகப் படித்தேன். பிறகு போனில் அழைத்தேன்.

"பாட்டி, ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணி மட்டும்தான். பால், பழம் எதுவும் கூடாது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கோப்பி ஓ?" என்றார் பாட்டி.