பழைய காரின் கதவுக் கண்ணாடி

பழைய அம்பாஸடர் காரில் பிரயாணம் செய்தவர்களுக்கு ஒரு சத்தம் நினைவிருக்கும். கல் பெயர்ந்த சாலையில் வண்டி செல்லும்போது, பாதி இறக்கி வைத்த கதவுக் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டே வரும். முழுவதும் ஏற்றிவிட்டால் சத்தம் அடங்கிவிடும். ஆனால் சித்திரை வெயிலில் யார் கண்ணாடியை முழுவதும் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? ஆகவே, தீப்பெட்டி அட்டையையோ பழைய காகிதத்தையோ மடித்துக் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே செருகிவிட்டுக் காரியம் முடிந்ததென்று இருந்துவிடுவார்கள். அட்டை ஆட்டத்தை நிறுத்தும். ஆனால் ஆட்டம் எதனால் வந்தது என்பதை மறைத்தும் விடும். கதவுக்குள்ளே ஒரு பொருள் தேய்ந்து போயிற்று, இனி மழைநீர் அளவுக்கு மீறி உள்ளே இறங்கும் என்பதற்கு அச்சத்தம் ஓர் அறிவிப்பு. அந்தத் தேய்ந்த பொருளைப் பற்றியும், அதை மாற்றும் முறையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அம்பாஸடர் வண்டியின் மூல வடிவம் இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார். 1950-களின் இறுதியில் வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அம்பாஸடர் என்ற பெயருடன் உருவாகத் தொடங்கி, வெளித்தோற்றம் பெரிதும் மாறாமலே பல்லாண்டுகள் வந்து, 2014-ஆம் ஆண்டில் அங்கே அதன் உற்பத்தி நின்றது. கண்ணாடி ஓடும் காடியையும் ரப்பர்ப் பட்டையையும் இன்றும் மோட்டார் சாமான் கடையில் அளந்து வாங்கிவிடலாம். உள்ளிருந்தே துருப்பிடித்து உதிர்ந்த கதவை அவ்வாறு வாங்கிவிட முடியாது. சில முழ ரப்பர், ஒரு கதவைக் காக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் சிறு வேலைகளின் அருமை விளங்கும்.

கண்ணாடியைக் கதவுக்குள் இறக்கும் ஏற்பாடு காருக்கு முன்பே தோன்றியது. குதிரைக் கோச்சு வண்டிகளிலும் ஆங்கில நாட்டு ரயில் பெட்டிகளிலும் கண்ணாடிச் சட்டத்தின் அடியில் ஒரு தோல்வார் பிணைத்திருக்கும். வாரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வேண்டிய உயரத்துக்கு வாரை இழுத்து, கதவிலுள்ள பித்தளைக் குமிழில் மாட்டிவிடுவார்கள். தொடக்க காலக் கார்கள் சிலவற்றிலும் இதே முறைதான். கைப்பிடியைச் சுழற்றிக் கண்ணாடியை ஏற்றும் பொறி பின்னர் வந்தது. நம் பட்டறைக்காரர்கள் அதைச் சுருக்கமாக 'மெஷின்' என்பர்.

கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் அட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கதவு என்பது இரண்டு தகடுகளுக்கு இடைப்பட்ட ஒரு குறுகிய அறை என்பது தெரியும். கைப்பிடியைச் சுழற்றும்போது ஒரு சிறு பற்சக்கரம், விசிறி போன்ற பெரிய பல்தகடு ஒன்றைத் திருப்புகிறது. அத்தகட்டிலிருந்து நீளும் கரத்தின் நுனியில் ஓர் உருளை. கண்ணாடியின் அடிவிளிம்பில் இறுக்கியுள்ள இரும்புச் சட்டத்தில் அவ்வுருளை ஓடிக் கண்ணாடியைத் தூக்குகிறது. தூக்குவது மட்டுமே இப்பொறியின் வேலை. நேராகப் பிடித்து நிறுத்துவது அதன் வேலையன்று. அதனைச் செய்பவை கண்ணாடியின் இரு பக்கங்களிலும் மேற்சட்டத்திலும் அமைந்த காடிகள். வளைந்த மெல்லிய தகட்டின் உட்புறத்தில் ஃபெல்ட் துணியோ, மயிர் போன்ற நுண்ணிழை ஒட்டிய ரப்பரோ பதித்திருக்கும். கம்பளி இழைகளை நெய்யாமல் நனைத்து அமுக்கிச் செய்யப்படுவதே ஃபெல்ட். இவையன்றி, கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடுக்கின் ஓரமாக, வெளிப்புறத்தில் ஒரு ரப்பர் உதடும் உட்புறத்தில் ஒரு ஃபெல்ட் பட்டையும் கண்ணாடியைத் தழுவி நிற்கும். இவற்றைப் 'பீடிங்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்.

இங்கே பலரும் பிழையாக எண்ணும் விஷயம் ஒன்றுண்டு. வெளி உதடு மழைநீரை முற்றிலும் தடுத்துவிடும் என்று நினைக்கிறோம். புதிய வண்டியில்கூட அவ்வாறு தடுப்பதில்லை. அசையும் கண்ணாடியின்மேல் படிந்து நிற்கும் ஒரு மெல்லிய ரப்பர், வழியும் நீரில் பெரும்பகுதியை வழித்து வெளியே தள்ளும். எஞ்சியது உள்ளே இறங்கத்தான் செய்யும். கதவைச் சமைத்தவர்கள் இதை அறிந்தே கதவின் அடியில் இரண்டு மூன்று துளைகளை விட்டிருக்கிறார்கள். உள்ளே இறங்கும் நீர் கண்ணாடியின் வழியே வழிந்து, அடித்தகட்டில் ஓடி, அத்துளைகள் வழியாகச் சாலையில் சொட்டிவிட வேண்டும். அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெழுகுக் காகிதமோ பிளாஸ்டிக் தாளோ, நீர் அட்டையை நனைக்காமல் தடுப்பதற்காக வைத்தது. கதவு ஓர் ஓட்டைப் பாத்திரம். அது ஓட்டையாக இருப்பதே அதற்கு நல்லது.

இதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். எங்கள் வீட்டு வண்டியில் ஒரு மழைக்காலத்தில் காலடியில் விரித்த பாய் நனைந்தது. கதவின் அடியைத் தடவிப் பார்த்தேன். துளைகள் கையில் தட்டுப்பட்டன. சாலைத் தண்ணீர் இவ்வழியே ஏறுகிறது என்று முடிவு செய்து, மக்கு வைத்து அழகாக அடைத்துவிட்டேன். அடுத்த மழையில் கதவைத் திறக்கும்போது குடத்தில் நீர் தளும்புவது போன்ற ஒலி கேட்டது. அதையும் நான் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு வண்டியைக் கழுவும்போது, கதவின் கீழ் விளிம்பில் பெயிண்டு கொப்புளம்போல் எழும்பியிருந்தது; விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று. டிங்கர் பட்டறையில் அந்த விளிம்பை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். அதற்குக் கொடுத்த கூலியில் நான்கு கதவுகளுக்கும் இருமுறை பீடிங் வாங்கியிருக்கலாம்.

விளிம்பிலிருந்தே ஏன் துரு தொடங்குகிறது? வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின்மேல் மடித்து அமுக்கித்தான் கதவு செய்கிறார்கள். மடிப்பின் இடுக்கில் பெயிண்டு நன்றாகச் செல்லாது. சென்ற நீரோ எளிதில் உலராது. இரும்பும் நீரும் காற்றும் ஒன்றாகத் தங்கும் இடத்தில் துருவுக்கு வேறென்ன வேண்டும்? செருகி வைத்த அட்டையும் இதே தீங்கைச் செய்கிறது. அது நீரை உறிஞ்சி, நாட்கணக்கில் தகட்டின்மேல் ஈரத்துணி போட்டதுபோல் வைத்திருக்கும்.

இனி, ரப்பர் ஏன் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். ரப்பர் மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். அவ்வாறு உறுதிப்பட்ட பின்னும், அதன் நீண்ட மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் பல எஞ்சியே இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனும், மிகச் சிறிதளவே உள்ள ஓசோனும் அப்பிணைப்புகளைத் தாக்குகின்றன. வெயிலும் வெப்பமும் இத்தாக்குதலை விரைவுபடுத்துகின்றன. விசித்திரம் என்னவென்றால், தளர்ந்து கிடக்கும் ரப்பரில் ஓசோன் பிளவை உண்டாக்குவதில்லை. இழுபட்ட ரப்பரிலேயே பிளவு தோன்றுகிறது, அதுவும் இழுத்த திசைக்குக் குறுக்காக. மாணவர்கள் இதை எளிதில் சோதிக்கலாம். பழைய பீடிங் துண்டு ஒன்றை விரலில் வளைத்துப் பிடித்தால், வளைவின் முதுகில் குறுக்குக் கீறல்கள் வாய் திறப்பதைக் காணலாம். 1960-களில் விற்பனைக்கு வந்த ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆகவே வெயிலையும் ஓசோனையும் அது நெடுநாள் தாங்கும். வாங்கும்போது கேட்டு வாங்குவது நலம்.

ஃபெல்ட் கெடுவது வேறு வகை. அதன் பகைவன் தூசி. சாலைத் தூசியில் மணற்பொடி உண்டு; மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடிக்கோ ஐந்தரை அளவுதான். கடினமானது மென்மையானதைக் கீறும் என்ற விதிப்படி, ஃபெல்ட்டில் பதிந்த மணல், கண்ணாடி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் நெடுங்கோடு கிழிக்கிறது. கண்ணாடி இறுகி ஓடுகிறதென்று சிலர் காடியில் கிரீஸ் தடவுகிறார்கள். இது பெரும் பிழை. கிரீஸும் மணலும் சேர்ந்தால் சாணை பிடிக்கும் பசையாகிவிடும்; போதாக்குறைக்கு எண்ணெய் ரப்பரை உப்பவும் வைக்கும்.

ஃபெல்ட் முற்றிலும் தேய்ந்தால் காடியின் தகடு வெளிப்பட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் உரசும். இதில் அபாயமும் இருக்கிறது. கதவுக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியன்று. அதனை 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றை வீசிச் சடுதியில் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்க முயல்கிறது. இதனால் மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைத்துவிடுகின்றன. நடுப்பரப்பில் ஓங்கி அடித்தாலும் தாங்கக்கூடிய இக்கண்ணாடி, ஓரத்தில் கூரிய இரும்பு பட்டால் ஒரே கணத்தில் சோளப்பொரி போலச் சிதறிவிடக்கூடும். இதை வெட்டிச் சிறிதாக்கவும் முடியாது. ஆகவே, காடி இறுக்கமாக இருக்கிறதென்று கண்ணாடியைத் தேய்த்துச் சரிசெய்ய எண்ணவே வேண்டாம். காடியைத்தான் மாற்ற வேண்டும்.

வேலைக்கு ஒரு முழுநாளும், துணைக்கு ஒருவரும் தேவை. முதலில் கைப்பிடிகளைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் நடுவே ஒரு திருகு தெரியும். சிலவற்றில் கைப்பிடியின் அடி வளையத்தை உள்ளே அழுத்தினால் ஒரு சிறு முளை தென்படும், அதைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். அட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அருகிலேயே, துணி சுற்றிய தட்டையான கம்பியை விட்டு நெம்ப வேண்டும். மூலையைப் பிடித்து இழுத்தால் அட்டை முறியும். பிறகு தாளை உரித்து, காடிகளைப் பிடித்துள்ள திருகுகளைத் தளர்த்தி, கண்ணாடியைக் கரத்தின் உருளையிலிருந்து விடுவித்துச் சற்றே சாய்த்து மேல்வழியாகத் தூக்க வேண்டும். முன்கதவில் முக்கோணச் சிறு ஜன்னல் இருந்தால், அதன் சட்டத்தைத் தளர்த்தாமல் கண்ணாடி வெளிவராது. பழைய காடிகளை உடனே குப்பையில் போடாதீர்கள். புதியதை வெட்ட அவையே அளவுகோல்.

காலியான கதவைக் கண்டு மலைக்க வேண்டாம். பல ஆண்டுச் சருகும் மண்ணும் அங்கே கிடக்கும். எங்கள் வண்டிக் கதவில் ஒரு பம்பரம் கிடைத்தது. யாருடையது என்று இன்றுவரை வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் வாரிவிட்டுத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, துருவைச் சுரண்டி, துத்தநாகம் கலந்த பூச்சு பூசி நன்றாக உலரவிட வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். புது ரப்பர் போட்டபின் மீண்டும் கதவைத் திறந்து பார்க்கப் பல ஆண்டுகள் ஆகிவிடும் என்பதால், இன்று விட்ட துரு அதுவரை ஒருவர் கண்ணிலும் படாமல் வளரும்.

புதிய காடியை ரம்பத்தால் வெட்டியதும் முனைகளை அரத்தால் மழுக்கி, வெட்டுவாயில் பெயிண்டு தொட்டு வைக்க வேண்டும். உள்ளிருக்கும் தகடு துருப்பிடிக்கத் தொடங்கும் இடம் அதுவே. மேல்மூலையில் வளைக்கும்போது ஒரே மூச்சில் மடித்தால் காடி நசுங்கிவிடும். உருண்ட போத்தல் ஒன்றின்மேல் வைத்துக் கட்டைவிரலால் சிறிது சிறிதாக அமுக்கினால் வளைவு ஒழுங்காக அமையும். நீளம் குறையக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் தானே இறுகி நிற்கும். பசையை இரு முனைகளில் மட்டும் சிறிது தொட்டால் போதும். அது பிதுங்கி ஃபெல்ட்டில் ஏறினால் கண்ணாடியே ஒட்டிக்கொள்ளும். இடுக்கின் பீடிங்கைப் பிடிக்கும் சிறு கிளிப்புகள் கைதவறிக் கதவுக்குள் விழும். விழுந்ததைத் தேடி எடுத்தே தீர வேண்டும். இல்லையேல் பழைய சத்தம் போய்ப் புதிய சத்தம் வந்து சேரும்.

கண்ணாடியை மீண்டும் வைத்ததும் காடித் திருகுகளை உடனே இறுக்கிவிடக் கூடாது. முதலில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, மேற்சட்டத்தில் அது தானே பொருந்த விடவேண்டும். அந்த நிலையில் மேல்திருகுகளை இறுக்கி, பிறகு கண்ணாடியை இறக்கி அடித்திருகுகளை இறுக்குவது முறை. கைப்பிடி சற்றுக் கனமாகச் சுழல்வது புதிதில் இயல்பே. இரு கையாலும் சுழற்ற வேண்டியிருந்தாலோ ஏதோ கோணியிருக்கிறது என்று பொருள். அப்போது பலத்தைக் காட்டினால் மெஷினின் பற்கள்தாம் தேயும். திருகுகளைத் தளர்த்தி மறுபடி பொருத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஃபெல்ட்டுக்குச் சிறிது முகப்பவுடரோ, ரப்பருக்குச் சிலிக்கோன் திரவமோ போதும்.

அட்டையைப் பொருத்துமுன் தாளை ஒட்டவேண்டும். தாளின் கீழ்விளிம்பு கதவுத் தகட்டின் உட்பக்கமாகச் செருகியிருக்க வேண்டும். வெளியே தொங்கினால் வழியும் நீர் நேராகக் காலடிப் பாய்க்கே வந்து சேரும். அன்று என் வீட்டுப் பாயை நனைத்தது எது என்பதும் இந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

தாளை ஒட்டிய பின், கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை அதன் வெளிப்புறத்தில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். பெரும்பகுதி கதவின் வெளித்தகட்டின்மேல் வழிந்தோடும். சிறிது நேரம் பொறுத்துக் குனிந்து பார்த்தால், அடியிலுள்ள துளைகளில் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். எல்லாத் துளைகளிலும் சொட்டு விழுந்து நின்ற பிறகு அட்டையைப் பொருத்தலாம்.