முகமூடிக்குள் ஒரு முகம்

முகமூடி என்றதும் நம் நினைவுக்கு வருபவன் கள்வனே. ஆனால் 'காக்சிதால்' என்னும் கொரியத் தொலைக்காட்சித் தொடரில் முகமூடி அணிந்தவனே மக்களின் காவலன்! ஹோ யங் மான் 1974-ல் படைத்த சித்திரக்கதையைத் தழுவிய இத்தொடர், 2012-ல் 28 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 'காக்சிதால்' என்றால் மணப்பெண் முகமூடி. ஹாஹோ கிராமத்து முகமூடிக் கூத்தில் இத்தகைய முகமூடி உண்டு.

ஜப்பான் 1910 முதல் 1945 வரை கொரியாவை அடிமைப்படுத்தியிருந்தது. கதை நிகழ்வது 1930-களில். காங் தோ ஜப்பானியரிடம் பணிபுரியும் கொரியப் போலீஸ் அதிகாரி. அவன் அண்ணன் காங் சான் சித்திரவதையால் சித்தம் கலங்கியவன் என்றே எல்லாரும் எண்ணினர். அவன்தான் முகமூடி வீரன் என்பதை அறியாத தம்பி அவனைச் சுட்டுவிடுகிறான். முகமூடியை விலக்கிய பிறகே உண்மை தெரிகிறது. அந்தோ! கதறி அழுத தம்பி, பின்னர் அம்முகமூடியைத் தானே அணிந்து போராடுகிறான்.

முகத்தை ஏன் மறைக்க வேண்டும் என்று நாங்கள் சிந்தித்தோம். முகம் தெரிந்தால் பகைவர் வீட்டாரையும் விடமாட்டார்கள். மேலும், அணிந்தவன் மாண்டாலும் முகமூடி மாள்வதில்லை. அடுத்தவன் அதை ஏந்துகிறான்.

ஆயினும் எங்கள் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. உடன்பிறந்த தம்பியே அண்ணனை அறியவில்லை. அன்றாடம் அருகில் அமர்வோரை நாம் உண்மையில் அறிந்திருக்கிறோமா?