மாரிக்கு ஒடியல் கூழ்: கோதுமை ஆகாதோருக்கும் ஏற்ற உணவு

மாரி மழையும் வாடைக் காற்றும் தொடங்கினால் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் சூடான கூழுக்கு மனம் ஏங்கும். வீட்டில் கோதுமை ஆகாத ஒருவர் இருந்தால் அவருக்கும் இதே பானையிலிருந்து வார்க்கலாம். விலைகூடிய வெளிநாட்டுப் பெட்டி உணவுகளைத் தேடி அலையத் தேவையில்லை.

குளுட்டன் யாருக்கு ஆகாது?

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளுட்டன். சீலியாக் நோயுள்ளவர் இதை உண்டால், அவரது நோயெதிர்ப்புத் தொகுதி சிறுகுடலின் சடைமுளைகளைச் சிதைக்கும். சத்து உடலில் சேராது. நீடித்த வயிற்றோட்டம், வயிற்று ஊதல், மெலிவு, இரத்தச்சோகை, பிள்ளைகளில் வளர்ச்சிக் குறைவு என்பன இதன் அறிகுறிகள். கோதுமையே இந்நோயைத் தூண்டுகிறது என்பதை நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தமது ஆய்வேட்டில் காட்டினார். குளுட்டனை முற்றாக விலக்குவதே இன்றைக்கும் அடிப்படைச் சிகிச்சை.

சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் செய்யும் இரத்தப் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பனை தரும் மா

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மாவே வேண்டும். மாச்சத்தும் நார்ச்சத்தும் கொண்ட இதில் குளுட்டன் இல்லை. ஆனால் கசப்பு உண்டு. மாவை நிறையத் தண்ணீரில் இரண்டு மணித்தியாலமாவது ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிடுங்கள். புதுத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்யுங்கள். இதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்.

காய்ச்சும் முறை

ஐந்தாறு பேருக்கு:

- ஒடியல் மா 200 கிராம்
- சிறுமீன், மீன்தலை, நண்டு, இறால் கலந்து 500 கிராம்
- அரிசி ஒரு கைப்பிடி
- பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு
- முருங்கையிலை இரண்டு கைப்பிடி
- செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி, உப்பு

மரவள்ளியின் தோலை நன்றாக நீக்கி, மூடாமல் தனியே அவித்து, அந்த நீரை ஊற்றிவிடுங்கள்; அதிலுள்ள நச்சுத்தன்மை அப்படித்தான் குறையும். பெரிய பானையில் அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காயை முதலில் வேகவையுங்கள். பிறகு மீன் வகைகள், மரவள்ளி, அரைத்த மிளகாயும் மஞ்சளும், உப்பு. புளி முன்னரே சேர்ந்தால் காய்கள் வேகத் தாமதமாகும். ஆகவே எல்லாம் வெந்தபின் புளிக்கரைசலில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவுங்கள். கூழ் தடித்ததும் முருங்கையிலையைப் போட்டு, சில நிமிடத்தில் இறக்குங்கள்.

கடலுக்குப் போக முடியாத நாளில் பயறும் கூடுதல் கீரையும் போட்டுக் காய்ச்சலாம். அதுவும் புரதம் நிறைந்த உணவே.

மறைந்திருக்கும் கோதுமை

கோதுமை மா கலந்த பிட்டு, இடியப்பம், ரவை, சோயா சோஸ், மோல்ட் பானங்கள் ஆகியன சீலியாக் நோயாளருக்கு ஆகா. பைக்கற் சூப், சோயாமீற், பெருங்காயத் தூள் ஆகியவற்றிலும் கோதுமை மா சேர்ந்திருக்கலாம். பொதியை வாசித்தே வாங்குங்கள். கோதுமை அரைத்த மில்லில் ஒடியலைத் திரித்தால் மாவில் அது கலந்துவிடும். வீட்டிலேயே இடித்து அரித்துக்கொள்வது நல்லது. அரிதட்டு, அகப்பை, பானை ஆகியவற்றையும் கோதுமை படாமல் தனியாக வையுங்கள்.

யார் கவனிக்க வேண்டும்?

உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் உப்பைக் குறையுங்கள். நீரிழிவு உள்ளோர், கூழோடு சோறும் உண்ணாமல், அதையே ஒரு வேளை உணவாக அளவோடு குடியுங்கள். நண்டு, இறால் ஒவ்வாதவருக்கு அவற்றைச் சேர்க்காமல் காய்ச்சுங்கள். சிறுவருக்கு முள் நீக்கிக் கொடுங்கள்.

கோதுமை ஆகாத பிள்ளைக்குத் தனிச் சமையல் என்றால், அது பந்தியில் ஒதுங்கியே இருக்கும். வீடு முழுவதும் ஒரே கூழைக் குடித்தால் அந்தக் குறை பிள்ளைக்கு இராது, செலவும் கூடாது.