பெரிய திரையில் பழைய முகம்

சென்ற தவக்காலத்தின் ஒரு மாலையில், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வீட்டிற்கு, குடும்பத் தலைவரின் முதலாண்டு நினைவுச் செபத்தை நடத்தி வைக்கச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவர் அவர். செபமாலை முடிந்து தேநீர் வழங்கப்பட்டதும், பெங்களூரில் பணிபுரியும் மகன், தவணையில் வாங்கிவந்திருந்த 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கினார். 1991-ஆம் ஆண்டில் நடந்த பெற்றோரின் திருமண வீடியோ நாடாவைக் கடையில் கொடுத்து, பென் டிரைவில் ஏற்றி வாங்கியிருந்தார். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

படம் ஓடியது. மணமகன் பீடத்தின் முன் நின்றார். அவருடைய முகம் பக்கவாட்டில் உப்பி, மெழுகு பூசியதுபோல் வழவழத்து, விளிம்பைச் சுற்றி வெண்கோடு படர்ந்து காணப்பட்டது. அந்தத் தாய் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். “சாமி, அவரு முகம் இப்படி இருக்காதே. பழைய டி.வி.யில போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு” என்றார். மகனின் முகம் வாடிற்று.

இக்குறை அந்த ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. புதுப்பெட்டி வாங்கிய குடும்பங்கள் பலவும் இதையே கூறி அங்கலாய்க்கின்றன. ஆகவே இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விழைகிறேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-இல் டில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975-இலும், பெங்களூர் நிலையம் 1981-இலும் வந்தன. ஓசூர் மக்களுக்குப் பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் மேல். எனவே மொட்டைமாடிக் கம்பங்கள் பெங்களூரை நோக்கியே திரும்பி நின்றன என்றும், தமிழ் வீடுகளிலும் கன்னட நிகழ்ச்சிகளே ஓடின என்றும் இங்குள்ள முதியோர் கூறுவர். எம்மொழியில் வந்தாலும் அந்தப் படத்தின் அளவு ஒன்றுதான்: 625 கோடுகள், அவற்றுள் படத்தைத் தாங்கியவை 576. கணினி முறையில் சொன்னால், குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 புள்ளிகளுமாக 4,14,720 புள்ளிகள். இதுவே இன்று எஸ்.டி. எனப்படுகிறது.

முழு எச்.டி. திரையிலோ 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. மிகச் சரியாக ஐந்து மடங்கு! 4கே என்னும் பெட்டியில் இருபது மடங்கு. அனுப்பப்படுவது ஒரு பங்கு; காட்ட வேண்டியது ஐந்து பங்கு. எஞ்சிய நான்கு பங்கையும் பெட்டி தானாகவே ஊகித்து நிரப்புகிறது. ஆண்டவர் ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்தார். இந்த இயந்திரத்துக்கு அவ்வல்லமை இல்லை. ஓர் உருண்டை மாவை ஐந்து இலைக்குப் போதுமாறு மெலிதாகத் தட்டிப் பரப்புகிறது, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. பழைய ஒளிபரப்பு ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் மறுமுறை என்று, விநாடிக்கு 50 பாதிகளாக அனுப்பிற்று. குழாய்ப் பெட்டி வந்ததை வந்தபடியே காட்டியது. அதன் ஒளி இயல்பாகவே சற்றுக் கசிந்து பரவி, கோடுகளுக்கிடையே இருந்த இடைவெளியை மறைத்தது. திரையும் 21 அங்குலமே. தட்டைத் திரையோ இரு பாதிகளையும் ஒன்றாகத் தைத்துக் காட்ட வேண்டும். தையல் பிசகினால், அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தோன்றும்.

இனி அந்த வீட்டிற்குத் திரும்புவோம். முகம் உப்பியதற்குக் காரணம் திரையின் வடிவம். பழைய படம் நான்குக்கு மூன்று. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால், ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவர். பெட்டியின் அமைப்புகளில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்னுமிடத்தில் 4:3 என்பதைத் தேர்ந்தால் போதும். இருபுறமும் கரிய பட்டைகள் நிற்கும். “காசு கொடுத்து வாங்கிய திரையில் பாதியை மூடுவதா?” என்று மகன் தயங்கினார். மூடப்படுவது கால் பங்குதான். பட்டைகளுக்கு நடுவே நிற்பது 35 அங்குலப் படம், பழைய பெட்டியைவிடப் பெரிதே.

வெண்கோட்டிற்குக் காரணம் ‘ஷார்ப்னெஸ்’. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அது தெளிவைத் தருவதில்லை, விளிம்புகளுக்கு மை தீட்டுகிறது. பல பெட்டிகளில் அதைப் பூச்சியத்தை ஒட்டி வைப்பதே நலம். சிலவற்றில் நடு நிலையே பூச்சியத்துக்கு ஒப்பாகும். மெழுகுத் தோற்றத்திற்குக் காரணம் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’. தூசைத் துடைக்கப் புகுந்து, முகத்தின் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. கேபிள் ஒளிபரப்பில் கட்டம் கட்டமாகச் சிதறும் படத்திற்கு அது சிறிதளவு உதவும். பழைய நாடாவிற்கு நிறுத்திவிடலாம். அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன்’ அமைப்பையும் அப்படியே. கடையில் கண்ணைப் பறிப்பதற்கென்று வைத்த ‘விவிட்’ நிறத்தை மாற்றி, ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்பதை வைத்தால் முகங்களெல்லாம் மனித நிறம் பெறும்.

கேபிள் பார்ப்போருக்கு ஒரு வார்த்தை. எச்.டி. பெட்டியை வாங்கிவிட்டு, பழைய எஸ்.டி. செட்டாப் பெட்டியையே மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளால் இணைத்திருப்போர் பலர். அந்த மஞ்சள் கம்பி ஒளியையும் நிறத்தையும் கலந்தே கொண்டுவருகிறது. கலந்ததைப் பிரிப்பதில் பழுது நேர்கிறது. செட்டாப் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்குமாயின் அதனைப் பயன்படுத்துக. திருப்பலி ஒளிபரப்பு மங்கலாகத் தெரிகிறது என்று ஒளிபரப்புவோரைக் குறைகூறுமுன் இதைப் பார்ப்பது நியாயம். (தொலைக்காட்சியின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் அறிவித்த அசிசி நகர்ப் புனித கிளாரா, நோயுற்றுக் கிடந்த கிறிஸ்து பிறப்பு இரவில், தொலைவிலிருந்த ஆலய வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. அதில் எத்தனை கோடுகள் என்று அவர் எண்ணவில்லை!)

அமரும் தூரமும் முக்கியம். பழைய ஒளிபரப்பிற்குப் படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளி அமர்வது பொருத்தம், எச்.டி.க்கு மூன்று மடங்கு. 43 அங்குலப் பெட்டியின் உயரம் ஏறத்தாழ 21 அங்குலம், ஆகவே எஸ்.டி. படத்திற்குப் பத்தரை அடி வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் நம் தொழிலாளர் குடும்பங்கள் இதற்கு எங்கே போவது என்பது உண்மையான கேள்விதான். சிறிய திரையை வாங்குவதே அவர்களுக்குச் சிக்கனமும் தெளிவும் ஆகும்.

நாடா வைத்திருப்போர் தாமதிக்கலாகாது. உலகில் கடைசியாக வி.எச்.எஸ். கருவி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை தெரிந்தால், சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது. பதிவு மாற்றும் கடைக்காரரிடம், 4:3 அளவிலேயே, இழுக்காமல், வெட்டாமல் தரும்படி சொல்லி வாங்குக. மாற்றியபின் நாடாவை எறிந்துவிட வேண்டாம்.

அன்று மகன் இன்னொன்றும் செய்து வைத்திருந்தார். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் தந்தையின் முகத்தை ஏற்றிக் கூர்மையாக்கியிருந்தார். இமை மயிர்கூட எண்ணும்படி இருந்தது. அச்செயலி இறந்தவரை அறியாது. எண்ணற்ற பிறர் முகங்களைக் கற்று, அவற்றிலிருந்து பொருத்தமானதைத் தைத்துவிடுகிறது. அம்மா பார்த்தார். “இது யாருப்பா?” என்று கேட்டார். மகன் கைபேசியை அணைத்து வைத்தார்.

பின்பு நான் சொன்ன அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். கரிய பட்டைகள் வந்தன, முகம் ஒடுங்கியது, வெண்கோடு மறைந்தது. நாடாவின் மங்கல் மட்டும் அப்படியே இருந்தது. அம்மா தம் நாற்காலியை வாசற்படிவரை பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். தாலி கட்டும் இடம் வந்தது. மணமகன் முடிச்சுப் போடத் தெரியாமல் திணற, பின்னால் நின்ற பெண்ணொருவர் கை நீட்டினார்.

“அவரோட அக்கா, சாமி. மூணு தடவை பார்த்தாரு, முடிச்சு விழவேயில்லை” என்று அம்மா சிரித்தார். மகனிடம் அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னார்.