சந்தைக்குப் பாடும் திருப்பள்ளியெழுச்சி

கடவுளைத் துயிலெழுப்பத் திருப்பள்ளியெழுச்சி பாடுவது நாம் அறிந்த மரபு. சந்தையைத் துயிலெழுப்பவும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சி.என்.பி.சி. கேபிள் சேனல் 1995 ஆகஸ்டிலிருந்து காலைதோறும் ஒளிபரப்பிவரும் 'ஸ்குவாக் பாக்ஸ்' அப்படியொரு நிகழ்ச்சி. நியூயார்க் பங்குச்சந்தையில் மணி அடிப்பது 9.30-க்கு. நிகழ்ச்சியோ இப்போது 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. கடை திறக்கும் முன்னே மூணு மணி நேரம் அப்படி என்னதான் பேசுறாங்க?

பெயரிலிருந்தே தொடங்கலாம். தரகு நிறுவனங்களில் மேசைமீது இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குத்தான் 'ஸ்குவாக் பாக்ஸ்' என்று பெயர். எந்தப் பங்கை வாங்கச் சொல்லலாம், எதைத் தள்ளலாம் என்று ஆய்வாளர்கள் தம் விற்பனையாட்களுக்குக் காலையில் இதன்வழியே சொல்வார்கள். உள்வீட்டுப் பேச்சு அது. அந்தப் பெயரைச் சூடிக்கொண்ட நிகழ்ச்சி, 'உள்ளே பேசுவது இனி உனக்கும் கேட்கும்' என்று பார்வையாளருக்கு வாக்களிக்கிறது. ஆனால் ஒட்டுக்கேட்பது வேறு, உள்ளே இருப்பது வேறு. நிறுவனங்கள் முக்கியத் தகவலைத் தமக்கு வேண்டிய ஆய்வாளர்களிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்வதைத் தடுக்கும் விதி 2000 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அந்த வருட மார்ச்சில் 5,000-ஐத் தாண்டிய நாஸ்டாக் குறியீடு சரியத் தொடங்கியிருந்தது. 2002 அக்டோபரில் அது 1,114.

அடுத்தது இந்தச் சொல்லாடலின் இலக்கணம். 'சந்தை பயப்படுகிறது', 'சந்தைக்கு இது பிடிக்கவில்லை', 'சந்தை வரவேற்கிறது'. நம்ம ஊர் வாரச்சந்தை கூடும், கலையும். அதுக்குக் கோபதாபம் கிடையாது. இங்கோ சந்தைதான் எழுவாய். உழைப்பவர் எண்ணாக வருகிறார். பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளியன்று காலை 8.30-க்கு அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புக் கணக்கு வெளியாகும். எதிர்பார்த்ததைவிட வேலைகள் குறைந்திருந்தால், இனி வட்டி குறையும் என்ற நம்பிக்கையில் சில சமயம் பங்கு விலைகள் ஏறிவிடும். வேலை போன செய்தி நல்ல செய்தியாகிறது. இதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. எழுவாய் மாறினாலே போதும்.

இந்த இலக்கணம் அரசியலாக வெடித்த நாள் 2009 பிப்ரவரி 19. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் வீட்டை இழக்கவிருந்தவர்களுக்கான உதவித் திட்டத்தை ஒபாமா முந்தின நாள்தான் அறிவித்திருந்தார். வங்கிகளை மீட்க 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கிய சட்டம் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சிகாகோ வணிகத் தளத்தில் நின்று இந்நிகழ்ச்சியில் பேசிய ரிக் சாண்டெல்லி, தோற்றுப்போனவர்களின் கடனை நாம் ஏன் கட்ட வேண்டும் என்று கத்தினார். சுற்றியிருந்த தரகர்களைக் காட்டி இதுதான் அமெரிக்கா என்றார். 'தேநீர் விருந்து' கூட்டப்போவதாகவும் அறிவித்தார். டீ பார்ட்டி இயக்கத்தைப் பற்றவைத்த பொறிகளில் அதுவும் ஒன்று.

வீடிழந்தவர் அந்த 'நாம்' என்பதற்குள் இல்லை. நிகழ்ச்சி பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. எண்களெல்லாம் சரியாகவே இருக்கலாம். யாருடைய காலையிலிருந்து அந்த எண்கள் வாசிக்கப்படுகின்றன என்பதுதான் நம் அக்கறை. 'சந்தை வரவேற்றது' என்று அடுத்த முறை காதில் விழுந்தால் எழுவாயை மாற்றிக் கேட்டுப் பாருங்க: வரவேற்றது யாரு?